தூண் எங்கே அறுபடலாம்

மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்குக் கேமராவோடு போகிறவர்களில் பெரும்பாலோர் முற்றத்தின் நடுவில் நின்று, கையில் இருப்பதிலேயே அகலமான லென்ஸைப் போட்டு, கண்ணில் படுவது அத்தனையையும் ஒரே சட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள். அடங்கியும் விடுகிறது. வளைவுகள் இருக்கும், தூண்கள் இருக்கும், மேலே ஒரு பட்டை வானம் இருக்கும், கீழே ஒலி-ஒளிக் காட்சிக்குப் போட்ட நாற்காலிகளும் இருக்கும். மகால் மட்டும் இருக்காது. வண்ணப் படமாக இருந்தால் நீல வானமும் வெயில் பட்ட சுதையின் மஞ்சளும் சேர்ந்து எப்படியோ கரையேற்றிவிடும். கறுப்பு வெள்ளையில் அந்தச் சலுகை கிடையாது. நாற்காலியின் பளிச்சென்ற முதுகும் தூணின் பளிச்சென்ற முதுகும் அங்கே ஒரே வெள்ளைதான்.

அதனால் கறுப்பு வெள்ளையில் கட்டடம் எடுக்கிறவர் நடுவைவிட நான்கு ஓரங்களைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது. எதை உள்ளே விடுகிறோம் என்பதைவிட எந்த இடத்தில் அறுக்கிறோம் என்பதில்தான் படம் நிற்கிறது அல்லது விழுகிறது. எடுப்பது, வெட்டுவது என்று இரண்டு வேலையாக இதைச் சொல்கிறோமே தவிர, ஒன்றை நினைத்துக்கொண்டுதான் மற்றதைச் செய்ய முடியும்.

கட்டடப் படத்தை வெட்டுவதில் துணிச்சலுக்குப் பெயர்போனவர் லூசியன் எர்வே. ஹங்கேரியில் 1910இல் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர். 1949 டிசம்பரில் மார்செய் நகருக்குப் போய், லெ கொர்புசியே கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பை ஒரே நாளில் 650 படங்கள் எடுத்தார். அவற்றைப் பார்த்த கொர்புசியே தன் கட்டடங்களைப் படமெடுக்க அவரையே வைத்துக்கொண்டார். 1965இல் கொர்புசியே இறக்கும் வரை அந்த உறவு நீடித்தது. எர்வே சண்டிகருக்கும் அகமதாபாத்துக்கும் வந்து எடுத்திருக்கிறார். அவருடைய வேலைமுறை எளியது: நெகட்டிவின் அளவிலேயே போட்ட சின்ன பிரின்ட்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டி அட்டையில் ஒட்டுவார். சில படங்களில் கால்வாசிகூட மிஞ்சாது. முழுக் கட்டடம் எங்கே என்று கேட்கத் தோன்றாது. ஒரு நிழல், ஒரு சுவர் விளிம்பு, அதன் மேல் ஒரு கறுப்பு முக்கோணம், அவ்வளவுதான். கான்கிரீட்டுக்காக அவர் கையாண்ட துணிச்சல் மதுரைச் சுதைக்கும் பொருந்தும். ஆனால் நாயக்கர் மகாலில் எல்லாமே வளைவு, எல்லாமே உருண்டை. நேர்க்கோட்டுச் சுவரை எங்கே வெட்டினாலும் அது சுவர்தான். உருண்டைத் தூணை அப்படி வெட்ட முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பொழுது. மகால் காலை 9 மணிக்குத்தான் திறக்கிறது. மாலை 5 மணிக்கு மூடிவிடுகிறார்கள். ஒளிப்படப் புத்தகங்கள் பாடுகிற விடியற்கால வெளிச்சம் இங்கே நமக்கு இல்லை. கதவு திறக்கும்போதே சூரியன் நன்றாக மேலேறியிருக்கும். ஆனாலும் காலையில் போவதே நல்லது. சொர்க்கவிலாசம் என்னும் மண்டபம் முற்றத்தின் மேற்குப் பக்கம் இருக்கிறது. கிழக்கிலிருந்து வரும் வெயில் அதன் முன்வரிசைத் தூண்களில் விழுந்து, பின்வரிசைகளை இருட்டில் விடும். நமக்கு வேண்டியது அந்த இருட்டு.

மாதமும் முக்கியம். மதுரை ஏறக்குறைய 10 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். தூணின் நிழல் தூணின் காலடியிலேயே சுருண்டுவிடும். அந்த நாட்களில் 11 மணிக்கு மேல் முற்றத்தில் நின்று எடுப்பது வீண். டிசம்பர், ஜனவரியில் நண்பகலில்கூடச் சூரியன் 63 பாகை உயரத்தைத் தாண்டாது, தெற்கே சாய்ந்தே இருக்கும். நாள் முழுக்கச் சாய்வான நிழல் கிடைக்கும். வடக்கு பார்த்த முகப்புக்கு மட்டும் ஜூன் மாதம். அப்போது நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வரும். கட்டடம் நகராது, ஆகவே சூரியன் எப்போது எங்கே வரும் என்பதைக் காலண்டர் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.

மேகம் மூடிய நாளை ஒதுக்கிவிடாதீர்கள். ஜெர்மனியின் பெர்ண்ட், ஹில்லா பெஷர் தம்பதி தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் மங்கிய வானத்தின் கீழேதான் எடுத்தார்கள். நிழல் இல்லாததால் வடிவம் மட்டும் துலங்கும். சுதை வேலைப்பாட்டை நெருங்கி எடுக்க மங்கல் வெளிச்சம் நன்றாக ஒத்துழைக்கும். தூண் வரிசைக்கு மட்டும் வெயில் வேண்டும்.

நுழைவுச்சீட்டோடு கேமராவுக்கும் தனிக்கட்டணம் கட்ட வேண்டும். முக்காலி கொண்டுபோவதானால் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. அனுமதி கிடைத்தால் வாசல் வரை மடக்கி எடுத்துப் போங்கள்.

உள்ளே போனதும் கேமராவை வெளியே எடுக்காமல் ஒரு சுற்று நடங்கள். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். பாதி மூடிய இமைக்குள் வண்ணமும் நுணுக்கமும் மங்கி, வெளிச்சத் திட்டும் இருட்டுத் திட்டும் மட்டும் நிற்கும். மொத்தம் நாலைந்து திட்டுகள் தெரிகிற இடம் எதுவோ அங்கே நில்லுங்கள். பத்துப் பதினைந்து சிறு சிறு திட்டுகளாகச் சிதறினால் அது வண்ணப் படத்துக்குரிய இடம், அங்கிருந்து நகர்ந்துவிடலாம். கேமராவில் முன்காட்சியைக் கறுப்பு வெள்ளையாக வைத்துக்கொண்டு, கோப்பை மட்டும் ரா வடிவில் சேமிக்கும் வசதி இப்போது பெரும்பாலானவற்றில் இருக்கிறது. திரை சாம்பலாகத் தெரியும், வண்ணத் தகவல் உள்ளே பத்திரமாக இருக்கும். அந்த வண்ணம் பின்னால் தேவைப்படும்.

இப்போது கேமராவை நிறுத்துவது. தலையைத் தூக்கிப் பார்ப்பதுபோல் கேமராவையும் தூக்கினால் தூண்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். கேமராவின் முதுகு தரைக்குச் செங்குத்தாக இருந்தால் சாயாது. ஆனால் அப்படி வைத்தால் வளைவின் உச்சி படத்தில் வராது, தரை பாதிப் படத்தை அடைத்துக்கொள்ளும். இதற்கு மூன்று வழி. லென்ஸையே மேலே நகர்த்தக்கூடிய ஷிஃப்ட் லென்ஸ் வாங்குவது பணக்கார வழி. எதிர்ப்பக்கத் தாழ்வாரத்துக்குப் பின்வாங்கி, கொஞ்சம் நீண்ட லென்ஸில், மட்டமாக எடுப்பது இரண்டாவது. மூன்றாவது வழி, கேமராவைக் கிடைமட்டமாகவே வைத்து, வேண்டாத தரையையும் சேர்த்து எடுத்து, பிறகு கீழ்ப்பாதியை வெட்டித் தள்ளுவது. தரை வீணாகிறதே என்று மனம் கேட்காது. இருந்தாலும் சாய்ந்த தூணை நிமிர்த்துவதைவிட வேண்டாத தரையை வெட்டுவது எளிது.

கொஞ்சம் சாய்வாக எடுத்துக் கணினியில் நிமிர்த்திக்கொள்ளலாம் என்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நிமிர்த்தும்போது படத்தின் மேற்பகுதி விரியும். இரண்டு பக்கமும் ஆப்பு வடிவில் கொஞ்சம் இழப்போம். அதனால் பக்கவாட்டில் தாராளமாக இடம் விட்டு எடுங்கள். முழுக்க நிமிர்த்தவும் வேண்டாம். இவ்வளவு கனத்த தூண்கள் கணித ரீதியாக நேராக நின்றால், தலை பெருத்து வெளிப்பக்கம் சாய்வதுபோல் கண்ணுக்குத் தோன்றும். பத்தில் ஒரு பங்கு சாய்வை விட்டுவைத்தால் கட்டடம் கட்டடமாக நிற்கும்.

சமச்சீர் இன்னொரு பொறி. இரண்டு தூணுக்கு நடுவே சரியாக நிற்பதென்றால் சரியாகவே நிற்க வேண்டும். அரை அடி விலகினாலும் பின்வரிசைத் தூண்கள் ஒரு பக்கம் அதிகமாக எட்டிப்பார்த்துக் காட்டிக்கொடுத்துவிடும். தரையின் கல் இணைப்பைப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். விலகுவதென்றால் வேண்டுமென்றே விலகியது தெரியும்படி இரண்டு மூன்று அடி விலகுங்கள்.

மீட்டர் விஷயத்தில் வெள்ளைச் சுதை ஏமாற்றும். கேமராவின் மீட்டருக்கு உலகமே நடுத்தரச் சாம்பல். வெயில் பட்ட தூணை ஸ்பாட் மீட்டரில் அளந்து அது சொன்னபடியே எடுத்தால் சுண்ணாம்புத் தூண் சிமென்ட் தூணாகிவிடும். ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த மண்டல முறைக் கணக்கில், விவரம் தெரிகிற வெள்ளை ஏழாவது மண்டலம், நடுச் சாம்பல் ஐந்தாவது. ஆகவே அளந்ததிலிருந்து இரண்டு ஸ்டாப் கூட்டலாம். டிஜிட்டலில் வெள்ளை ஒருமுறை வெடித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது என்பதால் ஒன்றரையோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். எஃப் 8 முதல் எஃப் 11, ஐஎஸ்ஓ 100. தாழ்வாரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் போகிறதே என்று பலர் மூன்று எக்ஸ்போஷர் எடுத்து ஒன்றாகக் கலக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருட்டை வெளுத்துவிட்டால் முன்வரிசைத் தூணுக்கு முதுகு எங்கே கிடைக்கும்?

ஆட்களைப் பற்றியும் ஒரு சொல். பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகள் எல்லாத் தூணிலும் இருப்பார்கள். ஒரே ஓர் ஆள் தூணடியில் நின்றால் அதன் பருமன் சட்டென்று பிடிபடும். நான்கு பேர் நின்றால் படம் அவர்களுடையதாகிவிடும். அரை விநாடிக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைத்தால் நடக்கிறவர்கள் புகையாகக் கரைவார்கள். புகையாகத் தெரிகிற ஆளைவிட ஆளில்லாமலிருப்பதே மேல் என்பது என் எண்ணம். காத்திருங்கள், ஒருவர் தனியாக வருவார்.

வீட்டுக்கு வந்தபின் வெட்டுவதற்கு முன்னால் நிறத்தைச் சாம்பலாக்குவது. இங்கேதான் உள்ளே பூட்டிவைத்த வண்ணம் கைகொடுக்கிறது. வளைவுகளிலும் விதானத்திலும் செங்காவிப் பூச்சு இருக்கிறது. அதன் மேல் சுதை வேலைப்பாடு வெளிறிய நிறத்தில் நிற்கிறது. வெறுமனே நிறத்தை உறிஞ்சி எடுத்தால் இரண்டும் நெருங்கிய சாம்பலாகிப் பூவேலை காணாமற்போகும். சிவப்புச் சறுக்கியைக் கீழே இறக்குங்கள். காவி இருண்டு பூக்கள் எழுந்து நிற்கும். மஞ்சளைக் கொஞ்சம் ஏற்றினால் தூண்களுக்கு வெளிச்சம் கூடும். நீலத்தை இறக்கினால் வானம் கறுக்கும். ஃபிலிம் காலத்தில் சிவப்பு ஃபில்டரைப் போட்டு மூன்று ஸ்டாப் வெளிச்சத்தை இழந்து செய்ததை இப்போது மேசையில் உட்கார்ந்தே செய்கிறோம். ஃபில்டர் ஒன்றுதான், முழுப் படத்துக்கும். சறுக்கிகளில் வானத்தை ஒரு மாதிரியும் காவியை ஒரு மாதிரியும் நடத்தலாம்.

வானம் என்றதும் லின்னேயஸ் டிரைப் நினைவுக்கு வருகிறார். கும்பினிப் படையில் அதிகாரியாக இருந்து, சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரரானவர். 1858இல் மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோயிலையும் இந்த அரண்மனையையும் மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ்களில் எடுத்தார். அப்போது மகால் பாழடைந்து கிடந்தது. ஆளுநர் நேப்பியர் பிரபு பழுதுபார்க்க உத்தரவிட்டது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். அக்காலத்து நெகட்டிவ் நீல ஒளிக்குத்தான் விழித்துக்கொள்ளும் என்பதால் வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். பர்மாவில் 1855இல் எடுத்த படங்கள் சிலவற்றில் டிரைப் நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகம் தீட்டினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை எடுத்தபோது நாம் செய்வதற்கு நேர்மாறாகச் செய்தார்: வெட்டவில்லை, 21 படங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி 19 அடி நீளமாக்கினார். கல்வெட்டைப் படிக்க வேண்டுமென்றால் அதுதான் சரி. ஓரத்தில் ஓர் எழுத்துக்கூட விடுபடக் கூடாது.

நமக்கும் வெள்ளை வானம் வரும். கோடையில் மதுரை வானம் நீலமாகவே இருக்காது. தூசியும் வெக்கையும் சேர்ந்து வெளிறிப்போயிருக்கும். நீலமே இல்லாத இடத்தில் நீலச் சறுக்கியை இறக்கி என்ன பயன்? வெள்ளைத் தாளில் அச்சாகும்போது அந்த வானம் பக்கத்தோடு கலந்து, படத்தின் மேல்விளிம்பே இல்லாமற்போகும். அப்போது கைப்பிடிச் சுவருக்குக் கீழே வெட்டி வானத்தை முழுக்க எடுத்துவிடுங்கள். மேகம் தீட்டுவதைவிட அது நாணயமான வழி.

இனி வெட்டு. திரையில் வெட்டத் தொடங்காதீர்கள். அங்கே கை வேகமாக ஓடுகிறது. மென்பொருள் வேறு மூன்றில் ஒரு பங்குக் கோடுகளைப் போட்டு ஆசை காட்டுகிறது. படத்தை நிமிர்த்தி, சாம்பலைத் தோராயமாகச் சரிசெய்து, அஞ்சலட்டை அளவில் ஒரு பிரின்ட் போடுங்கள். கறுப்பு அட்டையில் எல் வடிவத்தில் இரண்டு துண்டுகள் வெட்டிக்கொண்டால் போதும். இரண்டையும் எதிரெதிர் மூலையில் வைத்து நகர்த்தினால் எந்த அளவுச் சட்டமும் கிடைக்கும். பழைய அச்சகங்களிலும் இருட்டறைகளிலும் இதைத்தான் செய்தார்கள்.

அட்டையை வெளியிலிருந்து உள்ளே மெதுவாகத் தள்ளிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு ஓரத்திலும் கண் எதில் இடறுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிற வெள்ளைத் திட்டு முதல் எதிரி. கண்ணை இழுத்து வெளியே தள்ளிவிடும். அதை முழுக்க உள்ளே கொண்டுவாருங்கள் அல்லது முழுக்க வெளியே தள்ளுங்கள். பின்பு பிரின்ட்டைத் தலைகீழாகத் திருப்பிவைத்து ஒருமுறை பாருங்கள். தூண், வளைவு என்ற பெயர்கள் மறந்து திட்டுகள் மட்டும் தெரியும். எந்தப் பக்கம் கனம் கூடியிருக்கிறது என்பது அப்போது புரியும்.

தூணுக்கு வருவோம். உருண்டைத் தூண் உருண்டையாகத் தெரிவதற்கு ஒரே காரணம், ஒரு பக்கத்து வெளிச்சம் படிப்படியாக மறுபக்கத்து இருட்டாக மாறுவதுதான். அந்த மாற்றம் நடக்கிற செங்குத்துப் பட்டை படத்தில் மிஞ்ச வேண்டும். ஓரத்தில் தூணின் வெளிச்சப் பகுதி மட்டும் நிற்கும்படி வெட்டினால், அது வெள்ளைக் காகிதத்தைக் கிழித்து ஒட்டியதுபோல் இருக்கும். வெளிச்சப் பக்கத்தை வெட்டி, மாறும் பட்டையையும் இருட்டையும் விட்டால் அறுபட்ட தூணும் உருண்டையாகவே இருக்கும். இருட்டுப் பகுதி மட்டுமே மிஞ்சும்படியும் வெட்டலாம். உருட்சி போய்விடும், ஆனால் அந்தக் கறுப்புப் பட்டை படத்துக்கு நிலைவாசலாக நின்று கண்ணை உள்ளே அனுப்பும். சரிபாதியில் வெட்டுவது மட்டும் ஒருபோதும் உதவாது.

வளைவுக்கு வேறு நியாயம். அதன் உச்சி மேல்விளிம்பை உரசி நிற்கக் கூடாது. உச்சிக்கு மேல் மூச்சுவிட இடம் கொடுங்கள், இல்லையென்றால் தயங்காமல் கீழே இறங்கி வளைவின் நடுவிலேயே அறுத்துவிடுங்கள். மீதியைக் கண் தானே பூர்த்தி செய்துகொள்ளும். வளைவு தூணிலிருந்து கிளம்புகிற இடத்தில் அறுத்தால் வளைவு இருந்ததற்கே அடையாளம் இருக்காது. வரிசையாகப் போகும் வளைவுகளில், கடைசி வளைவை முழுசாக விட்டு முடித்தால் கட்டடம் அங்கேயே முடிந்துவிட்டதாகத் தோன்றும். அடுத்ததில் பாதியை உள்ளே விட்டால் வரிசை இன்னும் போகிறது என்று நம்புவோம்.

கீழ் ஓரத்தில் ஒரு மதுரைச் சங்கடம். தூண்களில் கை எட்டுகிற உயரம் வரை வந்து போனவர்கள் தங்கள் பெயர்களையும் தங்கள் காதலையும் கீறிவைத்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் அந்தக் கீறல்கள் இன்னும் துல்லியமாகத் தெரியும். கணினியில் அழிக்கலாம், நான் அழிப்பதில்லை, அதுவும் இன்று அந்தத் தூணின் நிலைமைதானே. பொதுக்காட்சியில் தூணின் அடிப்பீடத்தை விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தூண்கள் அந்தரத்தில் தொங்கும். ஆகவே கீறல்களும் இருக்கட்டும். தூண் தலையும் வளைவும் மட்டும் போதும் என்கிற படத்தில் ஆள் உயரத்துக்கு மேலே வெட்டிவிட்டால் சங்கடம் தானாகவே தீர்ந்தது.

சட்டத்தின் விகிதத்தைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலான கேமராக்கள் தருகிற 3:2, செங்குத்தாகத் திருப்பினால் தூணுக்குத் தேவைக்கு மேல் ஒல்லியாக இருக்கிறது. 5:4க்கு வெட்டினால் படத்தில் ஆறில் ஒரு பங்கு போகும், சதுரமாக்கினால் மூன்றில் ஒரு பங்கு போகும். 6000க்கு 4000 புள்ளிகள் உள்ள கோப்பு சதுரமானபின் 4000க்கு 4000; அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டாலும் 13 அங்குலம் கிடைக்கும். எர்வே மாதிரி கால்வாசியை மட்டும் எடுத்துக்கொண்டால் 3000க்கு 2000, அதாவது 10 அங்குலம். இதழ் ஒன்றின் பக்கத்துக்கு அது போதும். சொர்க்கவிலாசத்தின் கும்மட்டத்துக்குக் கீழே நின்று நேர் மேலே பார்த்து எடுத்த படத்துக்குச் சதுரம்தான் பொருத்தம். எட்டுத் திசையிலும் சமமாக விரிகிற ஒன்றை நீள்சட்டத்தில் போட்டால் இரண்டு பக்கம் வெட்டியாக நிற்கும்.

வெட்டுவதே பாவம் என்று ஒரு மரபும் உண்டு. ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸான் தன் படத்தை யாரும் வெட்டக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். அவருடைய புகழ்பெற்ற, பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிற 1932ஆம் ஆண்டுப் படமே வெட்டப்பட்டதுதான். வேலியின் இடுக்கு வழியாக எடுத்ததால் ஒரு பக்கம் மறைப்பு விழுந்திருந்தது. ஓடுகிற மனிதரை எடுக்கிறவருக்கு அந்த விரதம் பொருந்தலாம். தூணோடு மல்லுக்கட்டுகிறவருக்கு, நிற்க வேண்டிய இடத்தில் எப்போதும் இன்னொரு தூண் நிற்கிறது.

எல் அட்டையில் பிடித்த சட்டத்தைப் பென்சிலால் பிரின்ட்டில் வரைந்துகொண்டு, அதைப் பார்த்துக் கணினியில் வெட்டுங்கள். மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். இரண்டு வெட்டுகளுக்கு நடுவே மனம் ஊசலாடினால் இரண்டையும் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி ஒரு வாரம் விடுங்கள். முதலில் சலிப்புத் தட்டியதைக் கழற்றிவிடலாம். ஓரத்தில் வெளிர்சாம்பல் வந்திருந்தால் படத்தைச் சுற்றி முடிகனத்தில் ஒரு கறுப்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள், தாளுக்கும் படத்துக்கும் எல்லை கிடைக்கும்.

இதழுக்கு அனுப்புவதாக இருந்தால் இன்னொரு கத்தரிக்கோல் காத்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். தலைப்புக்கு இடம் வேண்டுமென்றோ, பக்கத்தில் விளம்பரம் வந்துவிட்டதென்றோ பக்க வடிவமைப்பாளர் தன் பங்குக்கு வெட்டுவார். ஆகவே, நீங்கள் வெட்டியதை ஒரு கோப்பாகவும், மேலேயும் பக்கத்திலும் இடம் விட்டதை இன்னொரு கோப்பாகவும் அனுப்பி, எந்தத் தூணின் எந்தப் பக்கத்தைத் தொடக் கூடாது என்று இரண்டு வரி எழுதிவையுங்கள்.